அசையும் படத்தில் அசையாத முகம்

எல்லாரும் காற்றின் மேல்தான் பழியைப் போட்டார்கள். ஜனவரிக் குளிரில் லோக்கல் ரயிலில் ஜன்னலோரம் உட்கார்ந்திருப்பாய், காதைச் சுற்றி மஃப்ளர் கட்டியிருக்க மாட்டாய், அதான் வாய் கோணிவிட்டது என்றார்கள். டாக்குரியாவில் ஏறிப் பாலிகஞ்சில் இறங்க ஒரே ஒரு ஸ்டேஷன். அந்த நாலு நிமிஷத்துக்குள் எந்தக் காற்று வந்து என் முகத்தைத் தேடிப் பிடித்தது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. எதிர் ஃப்ளாட்டில் இருப்பவரை அண்ணி முறையில், பெங்காலியில் பௌதி என்று கூப்பிடுவேன். அவர் தன் வீட்டுக்காரரின் குரங்குக் குல்லாயைக் கொண்டுவந்து என் கையில் திணித்துவிட்டுப் போனார். இந்த ஊரிலேயே பிறந்து நாற்பத்தொரு வருஷம் குல்லாய் போடாமல் தப்பித்தவள் நான். அன்றைக்குப் போட்டுக்கொண்டேன்.

நடந்தது இவ்வளவுதான். காலையில் பல் தேய்த்துவிட்டு வாய் கொப்பளித்தேன். தண்ணீர் இடது ஓரமாக ஒழுகி நைட்டியில் கொட்டியது. கண்ணாடியைப் பார்த்தால் வலது பாதி நான். இடது பாதியில் யாரோ தூங்கிக்கொண்டிருந்தார்கள். புருவம் ஏறவில்லை, கண் மூடவில்லை, உதடு தொங்கியது. பயத்தில் கத்தினேன். அந்தக் கத்தலும் கோணலாகத்தான் வந்தது.

மூளையில் ஒன்றுமில்லை, முகத்து நரம்பு வீங்கியிருக்கிறது என்றார் டாக்டர். பெரும்பாலும் தானே சரியாகிவிடும், மாத்திரை சாப்பிடுங்கள், முகத்துக்குப் பயிற்சி செய்யுங்கள், இரண்டு மாதம் கழித்து வாருங்கள் என்றார். அதற்குள் இடப்பக்கத்தில் ஒரு சின்ன அசைவாவது தெரிந்தால் கவலை இல்லை. தெரியாவிட்டால் வேறு வழியைப் பற்றிப் பேசலாம். அவர் சாதாரணமாகத்தான் சொன்னார். எனக்கு அந்த 'வேறு வழி' மட்டும் நெஞ்சில் கல்லாக உட்கார்ந்துவிட்டது.

பாலிகஞ்சில் ஒரு பள்ளியில் நான் இரண்டாம் வகுப்பு டீச்சர். தலைமை ஆசிரியை நல்ல மனுஷி. ஓய்வு எடுங்கள் என்றார். ஏப்ரலில் புது வகுப்பு தொடங்கும்போது முகம் சரியாகியிருந்தால் வகுப்பு உங்களுடையது, இல்லாவிட்டால் ஆபீஸ் அறையில் ஒரு மேஜை போட்டுத் தருகிறேன், சேர்க்கைப் படிவங்களைப் பார்த்துக்கொள்ளலாம் என்றார். என் நன்மைக்குத்தான் சொன்னார். ஏழு வயசுப் பிள்ளைகள் டீச்சரின் வாயைப் பார்த்துத்தான் சொல்லைப் பிடிக்கிறார்கள், கண்ணைப் பார்த்துத்தான் பயப்படுகிறார்கள். அது எனக்கும் தெரியும். தெரிந்ததனால்தான் வயிற்றெரிச்சல். பதினாறு வருஷம் நின்று பேசியவளை உட்கார்ந்து படிவம் அடுக்கச் சொன்னால் எப்படி?

பேச்சும் போய்விட்டிருந்தது. ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்ட வேண்டும். எனக்கு ஒட்டவில்லை. என் கோபமெல்லாம் இந்த இரண்டு எழுத்தில்தான் இருக்கிறது என்பது அப்போதுதான் தெரிந்தது. "போதும்" என்று அதட்டினால் "ஃபோதும்" என்று காற்றடித்தது. வீட்டுக்காரரைத் திட்ட ஆரம்பித்துப் பாதியில் எனக்கே வெட்கமாகி நிறுத்திவிடுவேன். அவர் சிரிக்கமாட்டார். முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு தோள் மட்டும் குலுங்கும். அது இன்னும் மோசம்.

அவர் மதுரைக்காரர். வேலைக்காக இங்கே வந்தவர், நியூ டவுனில் ஒரு கம்பெனியில் மென்பொருள் சோதிப்பவர். எதையும் ஒழுங்காக, தேதி போட்டு, தினமும் செய்வார். கல்யாணமாகிப் பதினாலு வருஷம் ஆகியும் அவருடைய பெங்காலி மட்டும் மீன் கடையைத் தாண்டவில்லை. எங்கள் கதையில் இதற்கு ஒரு பெரிய பங்கு உண்டு.

முகப் பயிற்சிக்கு வாரம் ஒரு நாள் ஒரு அம்மாவிடம் போனேன். எல்லாரும் அவரைத் திதி என்பார்கள், அக்கா என்று அர்த்தம். முதல் நாள் என் முகத்தில் வெந்நீர் ஒற்றடம் வைத்து உள்ளே படுக்கப் போட்டுவிட்டு, செய்ய வேண்டியதையெல்லாம் வெளியே உட்கார்ந்திருந்த இவரிடம் சொல்லி அனுப்பினார். இவர் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டிருக்கிறார். வீட்டுக்கு வந்ததும், தினமும் உன் முகத்தைப் படம் எடுத்து அனுப்பணுமாம் என்றார். நானும் சரி என்றேன். அவர் காதில் விழுந்தது 'முகேர் ச்சோபி'. 'ச்சோபி' என்றால் படம். பெங்காலியில் 'முக்' என்றால் முகமும்தான், வாயும்தான். திதி கேட்டது வாயை. இவர் மதுரைக் காதால் கேட்டு அதை முகமாக்கிக்கொண்டார். நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் அப்போதே புரிந்திருக்கும். நான்தான் உள்ளே ஒற்றடத்துக்கு அடியில் கிடந்தேனே.

அதோடு நிற்கவில்லை. பயிற்சி என்றால் அசைவு, அசைவைக் காட்ட அசையும் படம்தானே வேண்டும் என்று இவராகவே முடிவு செய்தார். இவருடைய போனில் ஒரு வசதி. பொத்தானை அழுத்திப் பிடித்தால் விரலை எடுக்கும்வரை படபடவென்று படம் எடுக்கும், அவற்றில் இருபதைக் கோத்து ஒரு ஜிஃப் ஆக்கும், தனித்தனிப் படங்களைத் தானே அழித்துவிடும். காலை எட்டு மணிக்கு, ஆபீஸ் பஸ்ஸுக்குக் கிளம்பும் முன், படுக்கையறைச் சுவரில் என் பின்தலை ஒட்டியிருக்க என்னை உட்காரவைப்பார். தலை அசையக் கூடாது என்பது திதியின் கட்டளை. எதிரே ஸ்டாண்டில் போன், அதற்குப் பின்னால் இவர். நான் சிரிக்கப் பார்ப்பேன், உதட்டைக் குவிக்கப் பார்ப்பேன், கண்ணை மூடப் பார்ப்பேன். இவர் அழுத்துவார், திதிக்கு அனுப்புவார், பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஓடுவார். ஒரு நாள் தவறவில்லை.

அந்தப் படங்களைப் பார்க்கவே எனக்குப் பிடிக்காது. மூன்று விநாடிக்குள் முகம் இழுத்துக்கொண்டு, விட்டு, மறுபடி இழுத்துக்கொண்டு, முடிவே இல்லாமல் அதையே செய்யும். நாள்தோறும் ஒரே கோணல். நாலு வாரம் ஆயிற்று, ஒரு மாற்றமும் என் கண்ணுக்குத் தெரியவில்லை. நான் நம்பிக்கையைக் கைவிட்டுவிட்டேன். சும்மா சொல்லவில்லை, நிஜமாகவே கைவிட்டேன். ஆபீஸ் அறையில் ஜன்னல் எந்தப் பக்கம் இருக்கிறது என்று யோசிக்கத் தொடங்கியிருந்தேன்.

பிப்ரவரி கடைசியில், டாக்டருக்காகப் படங்களைத் திறந்து பார்த்த அன்று, திதி என்னைப் பிடித்துக்கொண்டார். டாக்டருக்குக் கொடுக்க வாரத்துக்கு ஒன்றாகப் படம் வேண்டும், அசையாத படம், வாய் மட்டும் தெரிய வேண்டும். உன் வீட்டுக்காரர் என்னடா என்றால் முழு முகத்தையும் ஆட்டி ஆட்டி அனுப்புகிறாரே, எதைப் பார்ப்பது, எங்கே நிறுத்துவது என்றார். அப்போதுதான் முகத்துக்கும் வாய்க்கும் நடந்த குழப்பம் எனக்கு விளங்கியது. வீடு வரை இவரைத் திட்டிக்கொண்டே வந்தேன், பாதி ஃபகாரத்தில். தனிப் படங்கள் போனில் இருக்கின்றனவா என்று கேட்டேன். எல்லாம் அழிந்துவிட்டன, ஜிஃப் மட்டும்தான் இருக்கிறது என்றார்.

மறுநாள் அவர் ஆபீஸ் போனதும் நானே உட்கார்ந்தேன். முதலில் சுலபமான வழியைப் பார்த்தேன். படம் ஓடும்போது சரியான நொடியில் திரையைப் பிடித்துவிடலாம் என்று பொத்தானில் விரலை வைத்துக் காத்திருந்தேன். பல்லைக் காட்டும் இடத்தில் அழுத்தினால் அதற்குள் வாயை மூடியிருப்பேன். கொஞ்சம் முந்தி அழுத்தினால் பாதிக் கண்ணோடு பேயறைந்த மாதிரி ஒரு முகம் வரும். இருபது தடவை முயன்றிருப்பேன். என் முகத்தை நானே துரத்திக்கொண்டு ஓடுகிற பிழைப்பு. ஜிஃப்பைப் பிரித்துத் தரும் இணையதளங்கள் நிறைய இருந்தன. ஆனால் இந்த மூஞ்சியை ஊர் பேர் தெரியாதவர்களுக்கு ஏற்றி அனுப்ப எனக்கு மனசு வரவில்லை.

பள்ளி ஆண்டு மலர் வேலைக்காகப் படம் திருத்தும் மென்பொருள் ஒன்று என் மடிக்கணினியில் இருந்தது. சும்மா அதில் ஒரு ஜிஃப்பைத் திறந்தேன். ஓடுகிற படம் நின்றுவிட்டது. பக்கத்தில் ஒரு பட்டியல் வந்தது, ஒன்று முதல் இருபது வரை, ஒன்றன் மேல் ஒன்று அடுக்கியபடி. இவ்வளவுதானா என்று தோன்றியது. ஒவ்வொன்றாகத் தனியே எடுத்து வைத்தால் தீர்ந்தது வேலை.

முதல் படத்தில் முழு முகமும் இருந்தது. இரண்டாவதைத் திறந்தேன். பாதி முகம்தான் இருந்தது. வலது கன்னம், வலது உதட்டோரம், வலது புருவம். மற்ற இடமெல்லாம் வெறும் சாம்பல் கட்டங்கள். மூன்றாவதும் அப்படித்தான், நான்காவதும். கோப்பு கெட்டுவிட்டது என்று நினைத்து வேறொரு நாளின் படத்தைத் திறந்தேன். அதிலும் வலது பாதி மட்டும். இடது பக்கத்தில் கருவிழி ஒரு பொட்டாக மிதந்தது. அவ்வளவே.

உதவிக் குறிப்பைத் தேடிப் படித்ததும் விளங்கியது. ஜிஃப் சின்னதாக இருக்க வேண்டும் என்பதற்காக முதல் படத்தை மட்டும் முழுசாக வைத்துக்கொள்ளுமாம். அடுத்தடுத்த படங்களில் எது மாறியதோ அந்தத் துண்டை மட்டும் வைத்துக்கொள்ளும். மாறாத இடத்தைத் திரும்பச் சேமிப்பது வீண் என்று விட்டுவிடும். அடியில் இருக்கும் பழைய படமே அங்கே தெரிந்துகொண்டிருக்கும். ஓடும்போது நமக்கு முழு முகமாகத் தோன்றுவது இப்படித்தான்.

என் இடது பாதி எந்தப் படத்திலும் இல்லை. ஏன் என்றால் அது அசையவில்லை. கருவிழி வேறு நரம்பாம், அதனால் அது மட்டும் இருந்தது. எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. டாக்டர் சொன்னார், கண்ணாடி சொன்னது, பார்க்கிற ஒவ்வொருத்தர் பார்வையும் சொன்னது. இப்போது ஒரு கோப்பும் சேர்ந்துகொண்டு, உன் இடது பக்கம் சேமிக்கிற அளவுக்கு ஒன்றுமில்லை என்கிறது. மடிக்கணினியைச் சாத்திவிட்டு ஒரு மூச்சு அழுதேன். அழும்போதும் வலது பக்கம் மட்டும்தான் அழுதது.

எழுந்து போய் டீ போட்டேன். ஸ்ட்ரா வைத்துத்தான் குடிக்க வேண்டும், அந்த எரிச்சல் வேறு. குடித்து முடித்ததும் ஒரு வீம்பு வந்தது. சரி, அசைவதை மட்டும்தானே வைத்திருக்கிறாய், எல்லா நாளையும் காட்டு, பார்த்துவிடுகிறேன் என்று மறுபடி உட்கார்ந்தேன். முப்பத்தொரு ஜிஃப். தேதி வாரியாகத் திறந்தேன். ஒரு நாளைக்கு இருபது துண்டு, எல்லாம் வலது பாதி. பத்தாம் நாள், பதினைந்தாம் நாள், இருபதாம் நாள். எண்ணெய்ச் செக்கைச் சுற்றுகிற மாடு மாதிரி கை தன்பாட்டுக்கு அழுத்திக்கொண்டே போனது.

இருபத்திரண்டாம் நாளின் படத்தில் பதினெட்டாவது துண்டைத் திறந்தபோது இடது பக்கத்தில் கருவிழிக்குக் கீழே ஏதோ ஒட்டிக்கொண்டிருந்தது. திரையில் தூசி என்று நினைத்து விரலால் துடைத்தேன். போகவில்லை. பெரிதாக்கினேன். தோல். என் தோல். கண்ணுக்குக் கீழே கன்னம் தொடங்குகிற இடத்தில் கட்டைவிரல் நகம் அளவுக்கு ஒரு துண்டு. பத்தொன்பதிலும் இருந்தது. இருபதில் இன்னும் கொஞ்சம் பெரிதாக இருந்தது. அடுத்த நாளின் கடைசிப் படங்களிலும் இருந்தது. அதற்கடுத்த நாள், அதற்கும் அடுத்த நாள். ஒரு நாள்கூட விடவில்லை.

மாறினால்தானே சேமிக்கும். சேமித்திருக்கிறது என்றால் மாறியிருக்கிறது. ஒன்பது நாளாக அசைந்துகொண்டிருந்திருக்கிறது. விட்டுப்போன இடங்களை நிரப்பி முழுப் படமாக்கும் வசதியும் அந்த மென்பொருளிலேயே இருந்தது. அதைச் செய்து இருபதாவது படத்தை முழுசாகப் பார்த்தேன். நான் சிரிக்கவில்லை, பல்லைக் காட்டவில்லை, பயிற்சியெல்லாம் முடிந்துவிட்டிருந்தது. நேராகப் பார்த்து முறைத்துக்கொண்டிருந்தேன். இரண்டு கண்ணும் சுருங்கியிருந்தன. வலது நன்றாக, இடது கொஞ்சமாக.

முறைப்பு யாருக்கு என்று யோசிக்கவே வேண்டியதில்லை. போனுக்குப் பின்னால் நின்றவருக்கு. தேதியைப் பார்த்ததும் அந்தக் காலை அப்படியே நினைவுக்கு வந்தது. முந்தின நாள் மாலை என் வகுப்புக் குழந்தை ஒருத்தி அம்மாவோடு எதிரே வந்தவள், என்னைப் பார்த்ததும் அம்மாவின் பின்னால் ஒளிந்துகொண்டாள். அந்த ஆத்திரத்தை மறுநாள் காலை இவர்மேல் கொட்டினேன். சாதாரணமாக 'நீங்க'; கோபம் தலைக்கேறினால் 'நீ'. அன்றைக்கு 'நீ'தான்.

"நீ மதுரைக்கே போயிடு. இந்த மூஞ்சியைப் பார்த்துக்கிட்டு யாரும் இங்க இருக்க வேண்டாம்."

ப-வும் ம-வும் காற்றாகப் போனாலும் அவருக்கு முழுசாகக் கேட்டது. முகம் கறுத்தது. படம் எடுக்கும் பொத்தானை அழுத்தினார், திதிக்கு அனுப்பினார், ஆபீஸுக்குப் போய்விட்டார். அதற்கப்புறம் வந்த நாட்களிலும் பயிற்சி முடிந்ததும் நான் முறைப்பேன். நான் முறைத்து முடிக்கும்வரை அவர் விரலை எடுத்ததே இல்லை. என்னைக் கடுப்பேற்றத்தான் அப்படிச் செய்கிறார் என்று நினைத்திருந்தேன்.

நியூ டவுனுக்குப் போன் போட்டேன். ஏதோ மீட்டிங்கில் இருந்தார். அசைஞ்சிருக்கு என்று மட்டும் சொன்னேன். எது என்றார். இடது பக்கம் என்றேன். யாரோ ஆங்கிலத்தில் இவரைக் கூப்பிடுவது கேட்டது. இவர் மீட்டிங்கை விட்டு வெளியே வந்து, மறுபடி சொல்லுடி என்றார். மறுபடி சொன்னேன்.

திதியிடம் எல்லாப் படங்களையும் முழுசாக்கிக் கொண்டுபோனேன். கண்ணாடியைக் கழற்றித் துடைத்துப் போட்டுக்கொண்டு பார்த்தார். தான் கேட்ட மாதிரி வாயை மட்டும் எடுத்திருந்தால் இது படத்திலேயே வந்திருக்காது என்று ஒப்புக்கொண்டார். வாய் இன்னும் தூங்குகிறது, கண்தான் முதலில் விழித்திருக்கிறது என்றார். பயிற்சியின்போது நான் ஒரேயடியாக இழுத்ததில் நல்ல பக்கமே எல்லா வேலையையும் பிடுங்கிக்கொண்டதாம். முறைத்தபோது இழுக்கவில்லை, தானாக வந்தது. இனிமேல் மெதுவாகச் செய் என்றார்.

மார்ச்சில் டாக்டர் என் கண்ணுக்குக் கீழே விரலை வைத்து, அழுத்தி மூடுங்கள் என்றார். அவர் விரலுக்குத் தெரிந்தது. நரம்பு திரும்புகிறது, நேரமெடுக்கும், ஆனால் வரும், வேறு வழியெல்லாம் பேச வேண்டாம் என்றார். வெளியே வந்து படிக்கட்டில் நின்றபடியே தலைமை ஆசிரியைக்குப் போன் செய்தேன். முழுசாகச் சரியாகவில்லை, ஏப்ரலிலும் கொஞ்சம் கோணலாகத்தான் இருக்கும், ஆனாலும் வகுப்பு வேண்டும் என்றேன். பிள்ளைகள் கேள்வி கேட்பார்களே என்றார். கேட்கட்டும், பதில் சொல்கிறேன் என்றேன். சரி, இரண்டாம் வகுப்பு உங்களுக்குத்தான் என்றார்.

கூட வந்திருந்த இவரோடு டாக்சியில் வீட்டுக்குக் கிளம்பினேன். டாக்குரியா பாலத்தில் வண்டிகள் நகராமல் நின்றன. இத்தனை நாள் கேட்காமல் வைத்திருந்ததை அங்கே கேட்டுவிட்டேன். அன்றைக்கு அவ்வளவு பேசினேனே, கோபித்துக்கொண்டு போயிருக்கலாமே, ஏன் நின்று படம் எடுத்தீர்கள் என்றேன். அவர் ஜன்னல் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

"நீ முறைக்கறப்போ மட்டும்தான்டி பழையபடி நீயா இருந்தே. அது எங்கிட்டும் போயிரக் கூடாதுன்னுதான் விரலை எடுக்கலை."

அவருக்கு ஜிஃப் எதை வைத்துக்கொள்ளும் என்றும் தெரியாது, நரம்பும் தெரியாது, பெங்காலியும் தெரியாது. நாங்களெல்லாம் கண்டுபிடிக்க ஒன்பது நாள் ஆனதை அந்த மனுஷன் முதல் நாளே பார்த்திருக்கிறார். முன்னால் நின்ற பஸ் நகர்ந்தது. அவர் கையை இழுத்து என் இடது கண்ணுக்குக் கீழே வைத்துக்கொண்டு, என்னால் முடிந்த அளவுக்குக் கண்ணைச் சுருக்கினேன்.

தெரியுது என்றார்.